எக்ஸஸிவ் என்று உன் மாமனார் சொன்னார்

தம்பி,

குன்றாண்டார்கோவில் பாறை மேல் ஒரு கையும், நம்ம கடை ஆம்ப்ளிஃபயர் மேல் ஒரு கையும் வைத்துச் சத்தியம் செய்துகொண்டே இதை எழுதுகிறேன். இரண்டு கையும் அங்கே இருந்தால் எழுதுவது எந்தக் கை என்று கேட்காதே. இது அந்த மாதிரிக் கதை. இதை நீ நம்பப் போவதில்லை, சிங்கப்பூரில் உன்னோடு அறையில் இருப்பவர்கள் நம்பப் போவதில்லை, கண்ணால் பார்த்த உன் அம்மாவே இன்னும் நம்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, அரிமளத்தில் உன் மாமனார் வீட்டுக் கூடத்தில், உன் மகளுக்குப் பெயர் வைத்தபோது, உன் அப்பனாகிய நான் மெதுவாகப் பேசினேன். வீடியோ காலில் நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து உன் முகம் நின்றுபோய், நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் யார் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்கு உன் மகள் எடுத்துப் படிப்பாள் அல்லவா, அவளுக்காகச் சொல்லி வைக்கிறேன். நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் குட்டியானை வண்டியில் குழாய் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு போகிறவன். ஜல்லிக்கட்டு என்றால் மைக் என் கையில்தான். ஒரு தடவை வாடிவாசலை விட்டு வந்த காளை என் வர்ணனையைக் கேட்டு, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று நின்று திரும்பிப் பார்த்தது. அப்புறம் வெட்கம் தாங்காமல் ஒரே தாவாகத் தாவி, பொன்னமராவதி போகும் பஸ்ஸின் கூரையில் இறங்கி, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டது. கேட்டால் பொய் என்பார்கள். அந்தக் காளை இருந்தால் சாட்சி சொல்லும்.

இப்படிப்பட்டவனுக்குச் சம்பந்தியாக வந்து வாய்த்தவர் உன் மாமனார். ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர் ஏலக்காய் நிறுப்பதுபோல வார்த்தையை நிறுத்துப் போடுகிறவர். "சாப்பிட்டீங்களா சம்பந்தி?" என்று நான் கேட்டால், "ஆச்சு" என்பார். அவ்வளவுதான். அந்த "ஆச்சு"வுக்கு நீ காட்டும் மரியாதை இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. மூடி மறைக்க ஒன்றும் இல்லை, பொறாமைதான். அதுவும் லேசுப்பட்ட பொறாமை இல்லை. அதைப் பெல்ட்டில் மாட்டினால் ஒரு அரிசி மில்லை ஓட்டலாம். நம்ம ஊர்ப் பக்கம் இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்று எல்லாரும் புலம்புகிறார்கள். பாதி வெயில் என்னுடையது.

நீயே யோசித்துப் பார். எனக்குப் போன் போட்டால், "சாப்டீங்களாப்பா? மழை பேஞ்சுச்சா? சரிப்பா, அம்மாட்ட குடுங்க." முடிந்தது. அதே நீ அவருக்குப் போட்டால், மருமகள் சொல்கிறாள், "அவுகளும் அப்பாவும் ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் ஆகும் மாமா, போனே சூடாயிரும்." என்னிடம் பேசி ஒரு போன் சூடானது உண்டா? முதல் தடவை நீ சிங்கப்பூர் கிளம்பியபோது, திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான் என்னென்ன கட்டிக் கொண்டுவந்தேன்! பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, நாட்டுச் சர்க்கரை, உன் அம்மா இடித்த சீயக்காய். கவுண்டரில் இருந்த பெண் "எக்ஸஸ் லக்கேஜ் சார்" என்றாள். பாதியை அங்கேயே பிரித்து எடுத்து, ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் முறுக்கு தின்றுகொண்டே வந்தோம். இந்தத் தடவை நீ கிளம்பியபோது உன் மாமனார் கொடுத்தது என்ன? கழுத்துக்கு வைத்துக்கொள்ளும் ஒரு சின்னத் தலையணை. அதை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாய், "தேங்க்ஸ் மாமா" என்று. என் முறுக்குக்கு எந்தக் காலத்தில் ஸ்டேட்டஸ் வைத்தாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருமகளுக்கு நம்ம வீட்டில் வளைகாப்பு நடந்ததே, அன்று ஆரம்பித்தது எல்லாம். லீவில் வந்து நீயும் இருந்தாய். நான் வாசலில் மைக்கோடு நின்றேன். உன் மாமனார் வீட்டு ஆட்கள் சீர்த் தட்டுகளோடு வேனை விட்டு இறங்கியதும், "இதோ வருகிறது அரிமளத்துச் சீர்! முன்னால் வரும் தட்டு இங்கே, பின்னால் வரும் தட்டு இன்னும் அரிமளத்தில்! வளையல் வாங்கிய வேகத்தில் புதுக்கோட்டைக் கடைவீதியில் ஒரு வளையல் மிச்சமில்லை! வரும் வழியில் புளிச்சோற்று வாசனைக்குத் திருமயம் கோட்டையே எழுந்து நின்று எட்டிப் பார்த்தது!" என்று சொன்னேன். தப்பா? வந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். உன் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. உன் பக்கம் சாய்ந்து, காதோடு காதாக ஒன்று சொன்னார். என் காது ஸ்பீக்கர் கரகரப்பிலேயே பழகிய காது, அதில் பாதிதான் விழுந்தது. "யுவர் ஃபாதர் இஸ் எக்ஸ் சர்வீஸ்" என்று விழுந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். மிலிட்டரி! என் நடையில், என் நிற்பில், மீசையில் ஏதோ ஒரு மிடுக்கைப் படித்த மனுஷன் கண்டுபிடித்துவிட்டார். நான் மிலிட்டரி கேன்டீன் பக்கம்கூடப் போனதில்லை. ஆனாலும் அவ்வளவு பெரிய மனுஷர் சொன்னதைப் பொய்யாக்கலாமா? பந்தியில் உட்கார்ந்ததும் காஷ்மீரில் ஆரம்பித்தேன். பனியில் துப்பாக்கி உறைந்துபோனபோது மைக்கில் ஒரு அதட்டல் போட்டே எதிரிப் பட்டாளத்தைப் பின்வாங்க வைத்த கதையைச் சொன்னேன். எதிர் இலையில் உன் மாமனாரின் பங்காளி ஒருவர், நிஜமாகவே மிலிட்டரியில் இருந்து வந்தவர், சாம்பாரைப் பிசைந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ரெஜிமெண்டுங்க?"

"எல்லா ரெஜிமெண்டும்தான்."

"அப்படி விடமாட்டாங்களே."

"எனக்கு மட்டும் விட்டாங்க. கேட்டுக் கெஞ்சுனாங்க."

அவர் அதற்கப்புறம் மோர் வரும்வரை தலையைத் தூக்கவே இல்லை. நீ எழுந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் கொல்லைப் பக்கம் போய்விட்டாய்.

எல்லாரும் மருமகளை அழைத்துக்கொண்டு கிளம்பிப் போன பிறகு, மிச்சமிருந்த புளிச்சோற்றை வாயில் போட்டுக்கொண்டு உன் அம்மாவிடம் பெருமை பேசினேன். "சம்பந்தி கண்ணு சாதாரணக் கண்ணு இல்லடி. பாத்த ஒடனே எக்ஸ் சர்வீஸ்னு கண்டுபிடிச்சுட்டாரு." அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கியது. "ஏங்க, அது எக்ஸ் சர்வீஸ் இல்லங்க. எக்ஸஸிவ். ஒங்க மகன்கிட்ட கேட்டேன், அவன்தான் சொன்னான். அளவுக்கு மீறிப் போறதுன்னு அர்த்தமாம். ஓவர்னு சொல்றோமே, அதுக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்ட மாதிரி."

கையில் எடுத்த புளிச்சோற்றைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டுவிட்டேன். வார்த்தைக்காக இல்லை தம்பி. என்னை அதிகப்பிரசங்கி என்று தமிழிலேயே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், நானே மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் அதைச் சொன்னபோது நீ சிரித்தாய். நான் பார்த்தேன். எனக்குத் தெரியாத பாஷையில் அவர் ஒன்று சொல்ல, உனக்கு மட்டும் அது புரிய, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தீர்கள். நீ சின்ன வயதில் என் ஜோக்குக்குத்தான் அப்படிச் சிரிப்பாய், தோளைக் குலுக்கிக்கொண்டு.

விடுவேனா? மறுநாளே அவருக்குப் போன் போட்டேன். "சம்பந்தி, ஒரு டவுட்டு. எக்ஸஸிவ்னு ஒரு வார்த்தை இருக்காமே, அதோட உபயோகத்தைக் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன். அவர் தொண்டையைச் செருமினார். ஆனால் வாத்தியார் வாத்தியார்தான். பாடம் என்று வந்ததும் கூச்சம் போய்விட்டது.

"அது அட்ஜெக்டிவ் சம்பந்தி. பெயருக்கு முன்னால வரும். ஏர்போர்ட்ல சொல்றாங்களே எக்ஸஸ், அதுலேருந்து வர்றது. எதுக்குமே தேவையான அளவுன்னு ஒண்ணு இருக்கும். அதைத் தாண்டுனா எக்ஸஸிவ்."

"அப்ப எக்ஸ்ட்ராவும் அதும் ஒண்ணுதானா?"

"இல்லை. எக்ஸ்ட்ரா சட்னி நீங்க கேட்டு வாங்குறது. எக்ஸஸிவ் சட்னின்னா எலையைத் தாண்டி வேட்டியில ஓடுறது."

"பாராட்டுறதுக்குப் பயன்படுத்தலாமா?"

"...பயன்படுத்துறதில்லை."

"நல்ல குணத்துக்கு முன்னால போடலாமா?"

"போடலாம். எக்ஸஸிவ் பணிவுன்னு சொன்னா, அந்தப் பணிவும் கொறைதான்."

"அப்ப ஒருத்தர் வாயைத் தொறக்காம எந்நேரமும் கம்முன்னு இருக்காருன்னு வைங்க. அந்த அமைதிக்கு முன்னாலயும் இந்த வார்த்தையைப் போடலாமா?"

"கிராமர்படி சரிதான்" என்றார். நேர்மையான மனுஷர். அதற்காகவும் எனக்குப் பொறாமைதான்.

அன்றிலிருந்து அந்த வார்த்தையை எங்கே போனாலும் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தேன். எனக்குப் புரிந்தது இதுதான். அந்த வார்த்தையைச் சொல்கிறவன் கையில் ஒரு படி இருக்கிறது. எதையும் அதில் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறான். யார் படி, எவ்வளவு பெரிய படி என்பதை மட்டும் சொல்ல மாட்டான். நம்ம மாவட்டத்தில் மழை என்ற சொல்லுக்கு முன்னால் அந்த வார்த்தையைப் போட ஒரு ஆள் உண்டா? எவ்வளவு பெய்தாலும் கண்மாய் இன்னும் கொண்டா என்றுதான் கேட்கும். உனக்கும் ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள், இல்லாவிட்டால் உன் மாமனாரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள். பெண்டாட்டியைப் பாராட்டும்போது அந்தப் படியை எடுக்காதே. உன் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை இந்திரலோகத்தில் இருந்து ஆள் அனுப்பி வாங்கிப் போனார்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வது. ஒரே ஒரு நாள், உன் மாமனார் மாதிரி இருந்து பார்ப்போம் என்று, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். "என்ன, உப்பு இல்லையா? ஒடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்புறம் உன் மகள் பிறந்தாள். உனக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளையும் தாயும் வழக்கப்படி அரிமளத்தில். ஏற்கெனவே மகனைக் கொடுத்தாகிவிட்டது, இப்போது பேத்தியும் அவர் வீட்டுத் தொட்டிலில். பெயர் வைக்க நாள் குறித்ததும் நீ போன் போட்டாய். அன்று அம்மாவிடம் கொடுக்கச் சொல்லவில்லை, என்னிடமே பேசினாய். எனக்கு அப்போதே சந்தேகம்.

"அப்பா, மைக்கெல்லாம் வேணாம்ப்பா. வீட்டு ஆளுங்க மட்டுந்தான்."

"சரிப்பா."

"அப்பறம்... பிள்ளை காதுல பேரு சொல்றது... மாமா மட்டும் சொல்லட்டுமேப்பா. நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும். ஒங்க சத்தத்துக்குப் பிள்ளை பயந்துரும்."

இரண்டு தாத்தாவும் காதில் பெயர் சொல்வதுதான் நம்ம வழக்கம். நான் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். பந்தல்கால் மாதிரி.

"நான் மெதுவாச் சொல்றேன்டா."

"ஒங்களால முடியாதுப்பா."

"முடியும். பிள்ளை அழுதுச்சுன்னா, இனிமே ஒன் வீட்டு விசேஷம் எதுலயும் நான் வாயைத் தொறக்கல. போதுமா?"

நீ "பாத்துப்பா" என்றாய். பந்தயம் கட்டியாகிவிட்டது. தோற்றால் உன் மகளின் காதுகுத்தில், சடங்கில், கல்யாணத்தில் நான் ஊமைப் படம். எல்லாவற்றுக்கும் உன் மாமனார் எழுந்து, "வந்ததற்கு நன்றி" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்காருவார். அதற்கு நீ கை தட்டுவாய்.

அதனால் பயிற்சி எடுத்தேன். உன் அம்மாவை அடுப்படியில் நிற்க வைத்துவிட்டு, நான் வாசலில் நின்று, வாயைச் சுருக்கி, பிள்ளைக்கு வைக்கப்போகிற பெயரை, "யாழினி" என்று சொன்னேன்.

"கேட்டுச்சா?"

"எனக்குக் கேட்டுச்சு. எதுத்த வீட்டுக்காரரு யாருங்க யாழினி, புதுசா குடி வந்துருக்காங்களான்னு கேக்குறாரு."

மறுபடி, இன்னும் மெதுவாக. தெருமுனை டீக்கடையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். இன்னும் மெதுவாக. மாடு காதை ஆட்டியது. கடையில் சவுண்ட் மிக்ஸருக்கு எதிரில் உட்கார்ந்து, மைக்கைப் போட்டு, சத்தத்தின் அளவைக் காட்டும் முள் அசையாமல் அந்தப் பெயரைச் சொல்ல முடிகிறதா என்று பார்த்தேன். முள் துள்ளிக் குதித்தது. என் வாழ்நாளில் அந்த முள்ளைத் தூக்குவதற்குத்தான் பாடுபட்டிருக்கிறேன், உட்கார வைக்க இல்லை. போதாததற்கு அந்த "ழ" வேறு. உன் மாமனார் வீட்டில் கோழி கொக்கரித்தாலும் "ழ" சுத்தமாக இருக்கும். என் "ழ"வில் கொஞ்சம் ஸ்பீக்கர் இரைச்சல் கலந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் பாய் விரித்து மருமகள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். சுவரில் சாய்த்து வைத்த செல்போனில் நீ. முதலில் உன் மாமனார் குனிந்தார். முதுகு வளையாமல் குனிவது எப்படி என்று அவரிடம்தான் கற்க வேண்டும். "யாழினி, யாழினி, யாழினி." மூன்று தடவையும் ஒரே அளவு, ஒரே தெளிவு, "ழ"வுக்கு இஸ்திரி போட்ட மாதிரி. பிள்ளை ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்புறம் என் முறை. தம்பி, கூடமே இறுகிப்போனது. மிலிட்டரிப் பங்காளி மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். ஒரு அம்மாள் காதில் முந்தானையை வைத்தாள். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உன் மாமனார் என்ன செய்தார் தெரியுமா? கையை நீட்டி, பிள்ளையின் இன்னொரு காதை மூடினார். அந்த நேரம் பார்த்துத்தான் நீ வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தாய்.

நான் மண்டி போட்டு, காதருகே குனிந்து சொன்னேன். எவ்வளவு மெதுவாகத் தெரியுமா? எறும்பு இருமினால் அதைவிடச் சத்தமாக இருக்கும். பஞ்சு மேல் பஞ்சு விழுந்தால் அதைவிடச் சத்தமாக இருக்கும். கூடத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மூன்று தடவை என் வாய் அசைந்ததைத்தான் பார்த்தார்கள். பிள்ளை அழவில்லை. கண்ணை விரித்து என்னையே பார்த்தது. மூடிய முந்தானை இறங்கியது. மருமகள், "மாமா!" என்று வாயைப் பிளந்தாள். உன் அம்மா ஒரு கண்ணைத் திறந்து, "சொல்லியாச்சா?" என்று கேட்டாள். உன் மாமனார் எழுந்து வந்து, என் கையைப் பிடித்து, "சரியான அளவு சம்பந்தி" என்றார். அவர் வாயிலிருந்து மூன்று வார்த்தை! அரிமளத்தில் அன்று பகலிலேயே நட்சத்திரம் தெரிந்தது. நீ திரும்ப லைனில் வந்ததும் மருமகள் சொல்ல, "சூப்பர்ப்பா, ஜெயிச்சுட்டீங்க" என்றாய். உன் தோள் குலுங்கியது. நானும் ஜெயித்த மாதிரியே சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது, காளை டிக்கெட் கேட்டதை விட்டுவிடு. கோட்டை எட்டிப் பார்த்தது, நட்சத்திரம் எல்லாம் என் சொந்தச் சரக்கு, உனக்குத் தெரியும். நான் மெதுவாகச் சொன்னேன் என்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். நான் சொல்லவே இல்லை தம்பி. அந்தக் காதுக்குப் பக்கத்தில் போனேன். மேல் நுனி லேசாக மடிந்து, நீ பிறந்தபோது உனக்கு இருந்த மாதிரியே இருந்தது. வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. மூன்று தடவை திறந்து மூடிவிட்டு எழுந்துவிட்டேன். உன் மகளுக்கு அவள் பெயரை இதுவரை ஒரு தாத்தாதான் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் காலையில் அரிமளம் போகிறேன். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன், அழுதால் அழட்டும். உன் மாமனாரிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே, வேறு ஏதோ வேலையாக வந்திருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு நீளத்தில் ஒன்றே ஒன்றுதான் நிஜம். எனக்குக் குரல் வரவில்லை.

அப்பா